இடது தொடையின் சுற்றளவு

லிஃப்ட்காரரின் வலது தொடை இருபது அங்குலம், இடது தொடை பதினெட்டு. ஒரே மனிதருக்கு இரண்டு அளவில் தொடை இருந்தால் பார்த்துச் சிரிக்க நாலு பேர் வேண்டியதில்லை, அவரே போதும். மருத்துவமனையில் முழங்கால் பட்டையைக் கழற்றிய அன்று, இது என் கால்தானா, பக்கத்துப் படுக்கைக்காரருடையதை மாற்றிக் கொடுத்துவிட்டீர்களா என்று நர்ஸிடம் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார். அப்புறம் வீடு வந்து சேரும்வரை இரண்டு தொடையையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார்.

நடந்தது இதுதான். லிஃப்ட் ஓடும் இடத்துக்கு அடியில், தரைமட்டத்துக்கும் கீழே, ஓர் ஆள் ஆழத்துக்குக் குழி ஒன்று இருக்கும். நாம் யாரும் பார்த்திருக்க மாட்டோம். பார்க்காமல் இருப்பதே நல்லது. அதில் இறங்கிப் பழுது பார்த்துவிட்டு, கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இரும்பு ஏணியில் ஏறும்போது விழுந்தார். விழும்போது சடக்கென்று ஒரு சத்தம் கேட்டது. தொடைத் தசையை முழங்காலோடு பிடித்து வைத்திருக்கும் நார் அறுந்த சத்தம். அறுவை சிகிச்சை, தையல், எட்டு வாரம் காலை மடக்கக் கூடாது என்று ஒரு பட்டை. ஏணிப் படியில் கிரீஸ் இருந்தது, வழுக்கிவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னார். எல்லோரும் நம்பினார்கள். நம்பாமல் என்ன செய்வது, விழுந்தவரே சொல்கிறாரே.

இருபத்தாறு வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவர். கம்பெனியில் அவருக்கு நிப்பாட்டி என்று பட்டப்பெயர். எந்த லிஃப்டில் ஏறினாலும் உள்ளங்கையைப் பக்கச் சுவரில் வைத்துக்கொள்வார். துளி அதிர்வு தெரிந்தால் போதும், மெயின் சுவிட்சை இறக்கிவிடுவார். பதினாலாவது மாடிக்காரர்கள் காய்கறிப் பையோடு கீழே நின்று வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். திட்டட்டும், நடுங்குகிற இயந்திரத்தை ஓட்டக் கூடாது என்பார். அவர் பொறுப்பில் இருந்த கட்டடம் எதிலும் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. விழுந்தவர் அவர் ஒருவர்தான்.

இப்போது அவரை மறுபடியும் வேலைக்கு எடுக்கக் கம்பெனி ஒரு பரீட்சை வைத்திருந்தது. பதினெட்டு அங்குல உயரத்தில் ஒரு மேடை. தோளில் பன்னிரண்டு கிலோ கருவிப் பை. இடது காலை மேடைமேல் வைத்து, கைப்பிடி எதையும் தொடாமல், பத்துத் தடவை ஏறி இறங்க வேண்டும். குழியிலிருந்து ஏறி வர முடியாதவனைக் குழிக்குள் எப்படி இறக்குவது என்று கம்பெனி டாக்டர் கேட்டார். நியாயம்தான். தேறாவிட்டால் வேலை போய்விடாது. அதைவிட மோசம், புகார் மேசையில் உட்கார வைத்துவிடுவார்கள். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் போனில் கத்துவார்கள். ஆள் வந்துகொண்டே இருக்கிறார் சார் என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். இத்தனை வருடம் அப்படிக் கிளம்பி வந்துகொண்டே இருந்த ஆள் அவர்தான். நாற்காலியில் உட்கார்ந்து அடுத்தவன் வருவான் என்று சொல்வது அவரால் ஆகாத காரியம். பட்டையைக் கழற்றி இரண்டு மாதம் ஆகியிருந்தது, பரீட்சைக்கு இன்னும் பத்து வாரம் இருந்தது.

தசைப் பயிற்சி கொடுக்க மருத்துவமனையில் ஒரு பெண் இருந்தாள். எல்லோரும் பிசியோ என்றே கூப்பிட்டார்கள். முதல் நாள் மனைவியையும் கூட்டிக்கொண்டு போனார். மனைவிக்குத் தையல் தொழில். வீட்டு முன்னறையில் கால்மிதி மெஷின், சுவரெல்லாம் அளவுச் சீட்டு, மூலையில் வெட்டுத்துணி மூட்டைகள். கழுத்தில் அளவு நாடா தொங்காமல் அவளை யாரும் பார்த்ததில்லை, அன்றும் தொங்கியது.

தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறேன் என்று லிஃப்ட்காரர் பெருமையாகச் சொன்னார். பிசியோ பாராட்டவில்லை. நடங்கள், நல்லதுதான், ஆனால் அது இந்தப் பரீட்சைக்கு உதவாது என்றாள். தொடை என்பது ஒரே கட்டையாக இருப்பதில்லை, நார் நாராக இருக்கும், அந்த நாரில் ரகங்கள் உண்டு என்று விளக்கினாள். ஒரு ரகம் மெதுவானது. நாள் முழுக்க உழைக்கும், லேசில் அலுக்காது, ஆனால் பலம் குறைவு, பெருப்பதும் குறைவு. இன்னொன்று வேகமானது. மூட்டையைத் தூக்குவது, படியில் எம்புவது எல்லாம் அதன் வேலை. பலம் அதிகம், சீக்கிரம் களைத்துப்போகும், ஒழுங்காகப் பழக்கினால் நன்றாகத் தடிக்கும். வயதாக ஆக முதலில் இளைப்பதும் அதுதான். இரண்டுக்கும் நடுவில் ஒரு ரகம், பழக்குகிற பக்கம் சாயும்.

"அக்கா தினமும் எத்தனை மணி நேரம் மெஷின் மிதிக்கிறீங்க?" என்று மனைவியைக் கேட்டாள்.

எட்டு மணி நேரம் என்றதும், கெண்டைக்காலைக் காட்டச் சொன்னாள். இருபது வருடம் எட்டு எட்டு மணி நேரம் மிதித்த கால் சாதாரணக் காலாகத்தான் இருந்தது. மிதிப்பது மெதுவான ரகத்தின் வேலை, அதனால்தான் வலிக்கவும் இல்லை, வளரவும் இல்லை என்றாள் பிசியோ. மனைவிக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. இத்தனை உழைப்புக்கு இதுதானா என்பதுபோல் சேலைக் கரையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

உடம்பு பெரிய கருமி என்றாள் பிசியோ. சின்ன வேலைக்குச் சின்ன நாரைத்தான் கூப்பிடும். பாரம் நிஜமாகவே கனமாக இருந்தாலோ, சின்ன நார்களெல்லாம் களைத்துப்போனாலோதான் பெரிய நாரை எழுப்பும். எழுப்பாத நார் வளராது. லிஃப்ட்காரருக்கு அது சட்டென்று பிடிபட்டது. மூன்று லிஃப்ட் இருக்கிற கட்டடத்தில் ஓர் ஆள் பொத்தானை அழுத்தினால் ஒன்றுதான் வரும், கூட்டம் சேர்ந்தால்தான் மற்ற இரண்டும் அசையும், அப்படித்தானே என்றார். அதேதான் சார் என்றாள் அவள். தொடையை அளந்து பதினெட்டு என்று எழுதிக்கொண்டு, பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தாள். உயரம் குறைந்த பலகைமேல் ஏறி இறங்க வேண்டும். தோள் பையில் எடை. எட்டு, பத்து முறைக்குமேல் முடியாத அளவுக்கு எடை. பிறகு மூன்று நிமிடம் ஓய்வு. மறுபடி. வாரம் மூன்று நாள், நடுவில் ஒரு நாள் விட்டு. முட்டை, பருப்பு, பால் வயிறாரச் சாப்பிட வேண்டும். இறங்கும்போது தொப்பென்று இறங்காமல் மெதுவாக இறங்க வேண்டும்.

லிஃப்ட்காரர் வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் கோடு கிழித்தார். பதிவேடு இல்லாமல் அவருக்கு எந்த வேலையும் ஓடாது. தேதி, பாரம், ஓட்டம், சத்தம், அதிர்வு என்று ஐந்து கட்டம். லிஃப்டுக்குப் போடுவாரே, அதே கட்டம்தான். சும்மா சொல்லக் கூடாது, ஒரு நாள் விடாமல் செய்தார். அந்த அக்கறையில் பாதியை மற்றவர்கள் தங்கள் காலில் காட்டினால் ஆஸ்பத்திரிகளெல்லாம் ஈயோட்டும்.

இதற்கு நடுவில் ஒரு நாள், மருத்துவச் சீட்டைக் கொடுக்கக் கம்பெனிக்குப் போய்வர வேண்டியிருந்தது. சீருடை போட்டுக்கொண்டு போனார். நண்பர்கள் சுற்றி நின்று, கால் ஒன்றும் இளைத்த மாதிரியே தெரியவில்லையே, பேண்ட்டில் இரண்டும் ஒன்றாகத்தானே இருக்கிறது என்றார்கள். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. பஸ் ஸ்டாப்பிலிருந்து வீடுவரை வேகமாக நடந்தே வந்தார்.

வந்த கையோடு மனைவியைக் கூப்பிட்டுத் தொடையை அளக்கச் சொன்னார். மெஷினிலிருந்து எழுந்து வந்து அளந்தாள். பதினெட்டே முக்கால். நாலு வாரத்தில் முக்கால் அங்குலம். அடுத்த நாள் பிசியோவிடம் போகிற வழியில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் அதைச் சொன்னார். பால்காரர் கேட்டது என்ன, இவர் சொன்னது என்ன என்று கணக்கே இல்லை.

பிசியோ அளந்தாள். பதினெட்டு. மறுபடி அளந்தாள். பதினெட்டு, ஒரு நூல்கூட ஏறவில்லை. லிஃப்ட்காரரின் முகத்தில் ஈயாடவில்லை. உங்கள் நாடா சரியில்லை என்றார். சரி, அக்காவே அளக்கட்டும் என்று பிசியோ தன் நாடாவைக் கொடுத்தாள். மனைவி அளந்தாள். பதினெட்டே முக்கால். பிசியோ குனிந்து பார்த்தாள். நாடாவுக்கும் தொடைக்கும் நடுவில் மனைவியின் ஆள்காட்டி விரல் இருந்தது.

தையல்காரர்கள் அப்படித்தான் அளப்பார்கள். உடம்போடு ஒட்டி அளந்து தைத்தால் போட்டவர் மூச்சுவிட முடியாது, அதனால் ஒரு விரலை உள்ளே விட்டு அளப்பார்கள். இருபது வருடமாக விரல் தானாகவே போய்விடுகிறது. மூன்று பேருக்கும் விஷயம் புரிந்தது. முதலில் பிசியோ சிரித்தாள், அடக்க முடியாமல் மனைவியும் சிரித்தாள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. இன்னும் ஆறு வாரம்தான் இருக்கிறது, வளர்ந்ததென்று நினைத்ததெல்லாம் பெண்டாட்டியின் விரல் என்றால் யாருக்குச் சிரிப்பு வரும்?

நான் ஒரு நாள் தவறவில்லை, நோட்டைப் பாருங்கள் என்று நீட்டினார். பிசியோ புரட்டினாள். ஓட்டம்: பத்து, பத்து, பத்து. சத்தம்: இல்லை. அதிர்வு: இல்லை, இல்லை, இல்லை. நாலு வாரமும் இல்லை.

"அதிர்வு இல்லைன்னா என்ன சார்?"

"கால் நடுங்கலைன்னு அர்த்தம் மேடம். ஒரு நாள்கூட நடுங்க விடல. ஆறாவதுல லேசா ஆரம்பிக்கும். உடனே நிறுத்தி, பையில பாதி எடைய எடுத்துட்டு மிச்சத்த முடிச்சிடுவேன்."

பிசியோ நோட்டை மூடி அவர் கையில் கொடுத்தாள்.

"அதான் சார் வளரல. நடுங்கும்போதுதான் பெரிய நாரெல்லாம் எழுந்து வேலைக்கு வருது. நீங்க அது வாசல் வரைக்கும் வந்ததும் கதவைச் சாத்திட்டீங்க."

அந்தக் கடைசி இரண்டு மூன்று முறைதான் பயிற்சி, முன்னால் செய்வதெல்லாம் அதற்கு வழி என்றாள். முழங்காலுக்குள் சுருக்கென்று குத்தினால் நிறுத்த வேண்டும், நடுங்கினால் நிறுத்தக் கூடாது. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும் இல்லையா என்று கேட்டாள். தெரியும் என்று தலையாட்டினார்.

தெரிந்து என்ன பயன்? அடுத்த வாரம் முழுக்க முயன்றுபார்த்தார். முன்னறையில் பலகையைப் போட்டு, பையை மாட்டி, ஏறுவார். ஒன்று, இரண்டு, மூன்று. மனைவி மெஷினில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், பலகைச் சத்தத்திலேயே எண்ணிக்கை அவளுக்குத் தெரியும். ஆறாவதில் சத்தம் மாறும். ஏழாவது வராது. பை தரையில் இறங்குகிற சத்தம்தான் வரும். மூன்று நாளும் இதே கதை. மூன்றாம் நாள் அவள் மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். அந்தப் பொண்ணு அவ்வளவு சொல்லியும் ஏன் நிறுத்துகிறீர்கள் என்று கேட்டாள். பழக்கம் என்றார். இருபத்தாறு வருடப் பழக்கம், கை தானாக சுவிட்சை இறக்குகிறது, உன் விரல் மாதிரிதான் என்றார். அவள் விடவில்லை. நான் என் விரலை எடுத்துவிட்டேனே என்றாள்.

அவர் பலகைமேலேயே உட்கார்ந்துவிட்டார். இடது முழங்காலின் தையல் தழும்பை விரலால் தடவினார்.

"ஏணியில கிரீஸெல்லாம் இல்ல," என்றார்.

அவள் மெஷின் மிதியிலிருந்து காலை எடுத்தாள்.

"அன்னிக்கு அஞ்சாவது தடவ ஏறுறேன். மூணாவது படியில கால் நடுங்குச்சு. நல்லாவே தெரிஞ்சுது. இன்னும் ரெண்டு படிதானேன்னு ஏறினேன். ஊர்ல ஓடுற லிஃப்டையெல்லாம் நிப்பாட்டினவன், என்ன நிப்பாட்டிக்கல. இப்ப நடுங்கினாலே அந்தச் சத்தம் கேக்குது. பயமா இருக்கு."

ஐந்து மாதமாக மருத்துவரிடம், கம்பெனியில், நண்பர்களிடம் சொல்லாததை அவளிடம் சொல்லிவிட்டார். மனது லேசாயிற்றா என்றால் அதுவும் இல்லை, வெட்கமாகத்தான் இருந்தது. அவள் ஏன் பொய் சொன்னீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எழுந்து மூலைக்குப் போனாள். தலையணை செய்கிறவர்களுக்குப் போட வைத்திருந்த வெட்டுத்துணி மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துவந்து பலகைக்குப் பின்னால் அடுக்கினாள். இரண்டு பக்கமும் இரண்டு, பின்னால் மூன்று. மூச்சு வாங்கியது.

"லிஃப்ட் குழிக்குள்ள அடியில ஏதோ ஸ்பிரிங் இருக்கும்னு சொல்வீங்களே, அது என்ன?"

"பஃபர்."

"எதுக்கு?"

"எல்லைய தாண்டிக் கீழ வந்துட்டா தாங்கிக்கிறதுக்கு."

"இதான் உங்க பஃபர். இப்ப ஏறுங்க. விழுந்தா விழுங்க."

இத்தனை வருடம் ஒவ்வொரு குழியிலும் அந்த ஸ்பிரிங்கைத் துடைத்து எண்ணெய் போட்டவர், தனக்கு ஒன்று வேண்டும் என்று நினைத்ததே இல்லை. பையை மாட்டினார். ஆறாவதில் நடுக்கம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஏழு. எட்டாவதில் கால் மொத்தமும் வெடவெடவென்று ஆடியது, தொடைக்குள் தீ மூட்டியதுபோல் எரிந்தது. ஒன்பதாவதில் பாதி ஏறினார். அவ்வளவுதான், பின்பக்கமாகச் சாய்ந்து மூட்டைகளுக்கு நடுவில் புதைந்துபோனார். சடக்கென்ற சத்தம் எதுவும் வரவில்லை. மூட்டையிலிருந்து ஒரு பச்சைத் துண்டும் இரண்டு சிவப்புத் துண்டும் பறந்து அவர் நெற்றியில் விழுந்தன. மனைவி குனிந்து, வலிக்கிறதா என்று கேட்டாள். இல்லை, எரிகிறது என்றார். சரி, மூன்று நிமிடம் ஓய்வெடுங்கள் என்று சொல்லிவிட்டு மெஷினுக்குப் போய்விட்டாள்.

அன்று நோட்டில் முதல்முறையாக எழுதினார். அதிர்வு: உண்டு.

அதற்குப் பிறகு மூட்டைகள் மூலைக்குத் திரும்பவில்லை. துணி கொடுக்க வருகிறவர்கள் அவற்றைத் தாண்டித்தான் உள்ளே வந்தார்கள். தையலுக்குப் பிள்ளைகளை அழைத்து வருகிற தாய்மார்கள் எப்போதும்போல, வளர்கிற பிள்ளை, உள்ளே நிறையத் துணி விட்டுத் தையுங்கள் என்று கெஞ்சினார்கள். அவளும் எப்போதும்போலச் சிடுசிடுத்தாள். அரை அங்குலத்துக்குமேல் உள்ளே விட்டால் தையல் தடித்துக்கொண்டு நிற்கும், போடுகிறவருக்கு உறுத்தும், அதெல்லாம் நம்மிடம் நடக்காது என்று பிள்ளைகளின் கண்ணெதிரிலேயே மிச்சத் துணியைக் கத்தரித்துப் போட்டாள். இவர் அதைக் கேட்டுக்கொண்டே ஏறி இறங்கினார். விழுவது குறைந்தது. பலகை எட்டு அங்குலத்திலிருந்து பன்னிரண்டானது, பிறகு பதினாறு. ஓய்வு நாட்களில்தான் ரொம்பச் சிரமப்பட்டார். சும்மா இருக்கும்போதுதான் நார் தடிக்கும் என்று பிசியோ சொன்னதை அவரால் நம்பவே முடியவில்லை. வாரம் ஒருமுறை மனைவி அளந்தாள், விரலை மடக்கிக் கொண்டு. பதினெட்டே கால். பதினெட்டரை. பிறகு ஒரு வாரம் ஏறவே இல்லை, வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. கடைசி வாரம் பத்தொன்பதே கால்.

பரீட்சை நாள் காலையில் சீருடை பேண்ட்டைக் கால்வழியே இழுத்தவர் கூவினார். இடது பக்கம் இறுக்குகிறது. வலது தொடை பேண்ட்டுக்குள் தாராளமாக இருக்க, இடது தொடை பிதுங்கிக்கொண்டு நின்றது. பார்த்தாயா, இளைத்த கால் மற்றதைத் தாண்டிவிட்டது, உன் நாடாவை இனிமேல் நம்பவே மாட்டேன் என்று கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தார். மனைவியின் முகம் ஒரு மாதிரியாகப் போயிற்று. கழற்றிக் கொடுங்கள், ஐந்து நிமிடத்தில் பிரித்து விடுகிறேன் என்றாள். பஸ் போய்விடும் என்றார். வேறு பேண்ட் போட்டுக்கொள்ளுங்கள் என்றாள். சீருடையில்தான் வரச் சொல்லியிருக்கிறார்கள், தவிர இறுக்கமாக இருந்தால் நல்லதுதானே, எல்லோரும் பார்க்கட்டும் என்று கிளம்பிவிட்டார். அவள் வாசல்வரை பின்னாலேயே வந்து, எதையோ சொல்ல வாயெடுத்து, பார்த்து ஏறுங்கள் என்று மட்டும் சொன்னாள்.

கம்பெனி டாக்டரின் அறையில் மேடை தயாராக இருந்தது. மேடைக்குப் பின்னால் வெறும் தரை, வழவழவென்ற டைல்ஸ். மூட்டை இல்லை. லிஃப்ட்காரர் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் பையை மாட்டினார். டாக்டர் எண்ணத் தொடங்கினார். ஐந்துவரை ஒன்றும் தெரியவில்லை. ஆறாவதில் தொடங்கியது. ஏழாவதில் பேண்ட் துணிக்கு வெளியிலேயே நடுக்கம் தெரிந்தது. டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"கால் நடுங்குது. போதும், நிறுத்திக்கலாமா?"

கம்பெனியில் நிறுத்துவதற்கென்றே பெயர் எடுத்தவர் தலையை ஆட்டினார்.

"வேண்டாம் சார். இப்பதான் பெரிய ஆளுங்க வேலைக்கு வர்றாங்க."

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் எட்டு என்றார். ஒன்பதாவதுக்கு லிஃப்ட்காரர் இடது காலை மேலே வைத்து அழுத்தி எழுந்தபோது டர்ரென்று ஒரு சத்தம் கேட்டது.

அவருக்கு நெஞ்சு பகீரென்றது. மேடைமேல் அப்படியே நின்றுவிட்டார். அறுந்துவிட்டது, மறுபடியும் அறுந்துவிட்டது. கீழே பார்க்கத் தைரியம் வரவில்லை. குத்துகிறதா என்று தொடைக்குள் மனதைச் செலுத்தித் தேடினார். எரிகிறது. நடுங்குகிறது. குத்தவில்லை. எங்கேயும் குத்தவில்லை. மெதுவாக இறங்கினார். பிசியோ சொன்ன அதே மெதுவில். பிறகு இடது காலை மறுபடி மேலே வைத்தார், மூச்சைப் பிடித்தார், ஏறினார். டாக்டர் பத்து என்றார்.

பையை இறக்கிவிட்டு அப்புறம்தான் குனிந்து பார்த்தார். இடது தொடையின் உள்பக்கத் தையல் முழங்காலிலிருந்து மேலே ஒரு சாண் நீளத்துக்கு விட்டுப் போயிருந்தது. விட்டுப்போன இடத்திலிருந்து இரண்டு விரல் அகலத்துக்குத் துணி மடிப்பு வெளியே வந்து தொங்கியது. வெளுத்துப்போன பேண்ட்டில் அந்த மடிப்பு மட்டும் வாங்கிய அன்றைய கரு நீலத்தில் இருந்தது. வெயிலே படாமல் உள்ளேயே இருந்த துணி. தையல்காரியோடு இருபது வருடம் குடித்தனம் செய்தவருக்கு அது என்ன என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. பேண்ட்டில் இரண்டும் ஒன்றாகத்தானே இருக்கிறது என்று நண்பர்கள் சொன்னதும் ஞாபகம் வந்தது. தேறிவிட்டார் என்று டாக்டர் கையெழுத்துப் போட்டு, கை குலுக்கி, கிழிசலுக்கு இரண்டு ஊசிப்பின்னும் கொடுத்தார்.

வீட்டில் மெஷின் சத்தம் கேட்கவில்லை. மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். அவள் கண் முதலில் போனது அவர் முகத்துக்கு அல்ல, இடது தொடைக்கு.

"விட்டுப் போச்சா? எத்தனாவதுல?"

"ஒம்பதாவதுல. பத்தும் முடிச்சேன். திங்கக்கிழமை வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க."

அவள் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். அவர் உள்ளே வந்து மூட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்து, ஊசிப்பின்களைக் கழற்றி, மடிப்பை விரலால் பிரித்துக் காட்டினார். இந்தக் காலை மட்டும் எப்போது உள்ளே பிடித்துத் தைத்துச் சின்னதாக்கினாய் என்று கேட்டார். நீங்கள் கம்பெனிக்குச் சீட்டுக் கொடுக்கப் போனீர்களே, அதற்கு முந்தின நாள் என்றாள். பேண்ட்டைப் போட்டுப் பார்த்தபோது அந்த ஒரு கால் மட்டும் கொடியில் காய்கிற துணி மாதிரி ஆடியதாம். நாலு பேர் அதைப் பார்த்து ஐயோ பாவம் என்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லையாம். சொன்னால் மனது உடைந்துபோவீர்கள் என்று சொல்லவில்லை, காலையில் சொல்லியிருக்க வேண்டும், தப்புதான் என்றாள்.

அவருக்குக் கோபம் வரவில்லை. மடிப்பை விரலால் அளந்தார். இரண்டு விரல், முழுசாக.

"பிடிச்சது சரி. மிச்சத்த ஏன் வெட்டல? நீதான் யாருக்கும் இவ்வளவு உள்ள விட மாட்டியே."

அவள் கழுத்து நாடாவைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள்.

"கத்திரி வச்சேன். வெட்ட வரல. வெட்டினா உங்க கால் இனிமே இவ்வளவுதான்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும்."

லிஃப்ட்காரர் அழுதார். மறைக்கவெல்லாம் இல்லை, மூட்டைமேல் உட்கார்ந்தபடியே அழுதார். அவள் அவரை அழவிட்டுவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, பேண்ட்டைக் கழற்றிக் கொடுங்கள், திங்கட்கிழமைக்கு வேண்டாமா என்றாள்.

பேண்ட்டை உட்புறம் திருப்பி, விட்டுப்போகாமல் மிச்சமிருந்த தையலைப் பிரித்து, மடிப்பை நீவித் தேய்த்தாள். நீலத் துணியில் பழைய தையலின் ஊசித்துளைகள் வரிசையாக இன்னும் தெரிந்தன. அதன் மேலேயே வைத்து மெஷினை மிதிக்கத் தொடங்கினாள். அரைக்கால் சட்டையோடு பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், அது இருபது அங்குலக் காலுக்கான அளவு, என்னுடையது இன்னும் பத்தொன்பதே கால்தானே, முக்கால் அங்குலம் லூசாக நிற்காதா என்று கேட்டார்.

நிற்கட்டும் என்று சொல்லிவிட்டு, பழைய துளைகளின் மேலேயே கடைசிவரை தைத்து நூலை அறுத்தாள்.